தாங்குமா?

எங்கள் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். கலப்பை கொண்டு வந்தவரும் கேட்பார், கேற் செய்விக்க வந்தவரும் கேட்பார், தோணி என்ஜினைப் பூட்டும் இரும்புப் பிடியைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் கேட்பார். காசை எண்ணிக்கொண்டே, இன்னும் சூடு ஆறாத ஒட்டைப் பார்த்து, "தாங்குமா அண்ணே?"

அப்பா பெரும்பாலும் "தாங்கும்" என்பார். சில வேளை "இத ஒட்டி வேலையில்ல, வேற துண்டு போடுவம்" என்பார். எப்போதாவது ஒருமுறை இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாத இரும்பு, பொறுங்க பாப்பம்" என்று கீழே வைத்துவிடுவார். சின்ன வயதில் அந்த மூன்றாவது பதில் காதில் விழுந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முப்பது வருடம் ஒட்டுகிறவருக்குத் தெரியாத இரும்பும் இருக்குமா என்று யோசிப்பேன். இப்போது அந்தப் பதிலைத்தான் ஒரு கணினி நிரலுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டறை களுவாஞ்சிகுடியில், பட்டிருப்புப் பாலத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. பாலம் தாண்டினால் படுவான்கரை, வயலும் வயலும்தான். பெரும்போகத்து மழை தொடங்க முதல் அங்கிருந்து கலப்பைகளும் லேண்ட் மாஸ்டர் சில்லுகளும் ட்ரெயிலர் கொக்கிகளும் வந்து வாசலில் குவியும். நான் மொறட்டுவையில் உலோகங்கள் பற்றிப் படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். லீவில் வந்தால் பட்டறையின் பின்பக்க மேசைதான் என் இடம்.

முந்தின வருடம், புரட்டாதி மாதக் கடைசி. அப்பா கிளினிக்குக்காக மட்டக்களப்புக்குப் போயிருந்தார். வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒருவர் கலப்பைக் கொழு ஒன்றைக் கொண்டு வந்தார். பழைய கொழு தேய்ந்துபோனதால் யாரோ லொறி ஸ்பிரிங் பட்டையை வெட்டி வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கலப்பைக் காலோடு ஒட்ட வேண்டும். பட்டறையில் நிற்கிற தம்பி, "ஒட்டலாமா அக்கா?" என்று என்னைக் கேட்டான்.

அந்த நாட்களில் நான் ஒரு நரம்பு வலை செய்து முடித்திருந்தேன். நியூரல் நெட்வேர்க் என்று எல்லாரும் சொல்கிற அதே சாமான்தான். ஒட்டில் என்னென்ன மூலகம் எத்தனை வீதம் இருக்கிறது, எவ்வளவு வெப்பம் கொடுத்து ஒட்டினோம் என்று கொடுத்தால், அந்த ஒட்டை இழுத்து அறுக்க ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று சொல்லும். ஸ்பிரிங் பட்டையில் இருக்கக்கூடிய காபன், மங்கனீசு, குரோமியம் எல்லாவற்றையும் தட்டிப் போட்டேன். 618 மெகா பஸ்கால் என்று வந்தது. சாதாரண இரும்பு 400, 450 மெகா பஸ்காலில் அறுந்துவிடும். 618 என்றால் நல்ல பலம். "ஒட்டு" என்றேன்.

அவன் வடிவாகத்தான் ஒட்டினான். 3.2 மில்லிமீற்றர் 6013 என்கிற சாதாரண ஒட்டு றொட், கசடு ஒரே தோலாக உரிந்து வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த ஐயா திரும்பி வந்தார். வயலில் இறக்கவேயில்லை. இரவு மெசினில் பூட்டி வைத்திருக்கிறார். விடிய எழும்பிப் பார்த்தால் ஒட்டின் ஓரத்தோடு மயிரிழை போல ஒரு வெடிப்பு, காலால் தட்ட விழுந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. "நேற்று வானம் வெளிச்சிருந்திச்சு புள்ள" என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் மழை பிடித்தது.

அப்பா அந்தக் கொழுவை எடுத்துக்கொண்டு நேரே கிரைண்டரிடம் போனார். என்னையும் கூப்பிட்டார். முதலில் மூலையில் கிடந்த ஒரு அங்கிள் அயன் துண்டைக் கல்லில் பிடித்தார். மஞ்சள் பொறிகள் நீளமாக, நேராகப் போயின. அங்கொன்றும் இங்கொன்றுமாக நுனி பிளந்தது, அவ்வளவுதான். அப்புறம் கொழு. கல்லில் பட்டதும் படாததுமாகப் பொறிகள் வெடித்து வெடித்து நட்சத்திரம் நட்சத்திரமாகச் சொரிந்தன, கல்லுக்கு மிகக் கிட்டவே, பற்றை பற்றையாக. மூன்றாவதாக ஒரு பழைய வார்ப்பிரும்புக் கப்பி. அது கட்டையான மங்கல் சிவப்பு, கொஞ்சத் தூரத்திலேயே அணைந்துவிட்டது.

"முதல் பொறி எனக்குப் பழக்கம். ரெண்டாவது கோபக்கார இரும்பு. சும்மா ஒட்டினா ராவைக்கு வெடிக்கும்" என்றார் அப்பா.

பறக்கிற துகள் எரியும்போது அதற்குள் இருக்கிற காபனும் எரிந்து வாயுவாகிறது, அந்த வாயு துகளை உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காபன் கூடக்கூட வெடிப்பும் கூடும். இது நான் பாடத்தில் படித்தது. அப்பா இதைப் படித்ததில்லை. ஆனால் பொறியைப் பார்த்து, இரும்பு என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லுகிறார். அதுவும் ஒரு கணிப்புத்தான். கண்ணால் உள்ளே எடுத்து, முப்பது வருட ஞாபகத்தோடு ஒப்பிட்டு, வாயால் வெளியே விடுகிற கணிப்பு.

பொறியைப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 1940 இல் டியர்டன், ஓநீல் என்ற இருவர் தொடக்கி வைத்தது. பிறகு 1967 இல் சர்வதேச வெல்டிங் நிறுவனம் ஏற்றுக்கொண்ட வடிவம்தான் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. காபனை அப்படியே எடு. மங்கனீசை ஆறால் வகுத்துக் கூட்டு. குரோமியம், மொலிப்டினம், வனேடியம் மூன்றையும் கூட்டி ஐந்தால் வகு. நிக்கலையும் செம்பையும் கூட்டிப் பதினைந்தால் வகு. மொத்தத்துக்குக் காபன் சமவலு என்று பெயர். அது 0.45 ஐத் தாண்டினால் சூடு காட்டாமல் ஒட்டக் கூடாது. அங்கிள் அயனுக்குக் காபன் 0.18, மங்கனீசு 0.6 என்று வைத்தால் 0.28 வரும். ஸ்பிரிங் பட்டைக்குக் காபன் 0.6, மங்கனீசு 0.85, குரோமியம் 0.8 என்று போட்டால் 0.90. அந்த 0.45 இன் இரண்டு மடங்கு! இந்தக் கணக்கை அன்று ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் போட்டிருந்தாலே அந்த ஐயாவின் ஒரு நாள் உழவு தப்பியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் மனம் சுடுகிறது.

அப்படியென்றால் நரம்பு வலை எதற்கு, சூத்திரமே போதுமே என்று கேட்கலாம். அதற்கு மங்கனீசின் கதையைத்தான் சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதையும் அதுதான்.

சூத்திரத்தில் மங்கனீசுக்கு எப்போதும் ஆறில் ஒரு பங்கு. பக்கத்தில் நிக்கல் இருந்தாலும் அதேதான், இல்லாவிட்டாலும் அதேதான். ஆனால் உருக்கு அப்படி நடப்பதில்லை. சூரிச்சில் ஒட்டுக் கம்பி செய்கிற ஒர்லிக்கன் நிறுவனத்தில் எவன்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு மூலகத்தை மட்டும் படிப்படியாக மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து, நூற்றுக்கணக்கான ஒட்டுகளைச் செய்து உடைத்துப் பார்த்தார். என்ன பொறுமை! சாதாரண ஒட்டில் மங்கனீசு 1.5 வீதத்தை அண்டி வரும்போது அடி தாங்கும் குணம் உச்சத்துக்குப் போகிறது என்பது அவர் கண்டது. ஊசி ஊசியாகக் குறுக்கும் மறுக்கும் பின்னிக்கொண்ட நுண்ணிய அமைப்பு அப்போது நிறைய உருவாகிறது. பன்பாய் பின்னியது போல. வெடிப்பு ஒன்று அதற்குள் நேராக ஓட முடியாது, அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும்.

அடி தாங்கும் குணத்தை அளக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 55 மில்லிமீற்றர் நீளம், 10 க்கு 10 தடிப்பில் ஒரு கட்டை. நடுவில் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் வீ வடிவ வெட்டு. ஒரு பெரிய ஊசல் சம்மட்டி வந்து அடித்து உடைக்கிறது. உடைக்க எவ்வளவு சக்தி போனது என்று பார்க்கிறார்கள். சார்ப்பி என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் அந்தச் சோதனை வழங்குகிறது. ஒரே ஒட்டிலிருந்து வெட்டிய மூன்று கட்டைகள் மூன்று விதமாக உடையும். ஆகவே ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, மங்கனீசுக்கு வருகிறேன். நிக்கல் போட்டால் உருக்கு குளிரிலும் அடி தாங்கும் என்பது பழைய பாடம். ஆகவே பலமும் வேண்டும், அடியும் தாங்க வேண்டும் என்று ஒட்டில் நிக்கலை 7, 9 வீதம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். மங்கனீசை வழக்கம்போல 2 வீதத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். எதிர்பார்த்த குணம் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதேஷியாவின் குழு, ஒட்டுத் தரவுகளால் பழக்கிய நரம்பு வலையிடம் நிக்கலையும் மங்கனீசையும் இரண்டு அச்சாக வைத்துக் கேட்டது. மங்கனீசு கூடுதலாக இருக்கும்போது நிக்கலைக் கூட்டினால் அடி தாங்கும் குணம் கெடுகிறது, மங்கனீசை 0.5 வீதத்துக்கு இறக்கிவிட்டு நிக்கலைக் கூட்டினால் அந்தக் குணம் ஏறுகிறது என்று வலை வரைந்து காட்டியது. சுவீடன்காரரோடு சேர்ந்து அப்படியே ஒட்டிப் பார்த்தார்கள். வலை சொன்னது நடந்தது. பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டும் கூடுதலாக இருந்தால் உருக்கு ஆறும்போது உள்ளமைப்பு மாறுகிற வெப்பநிலை கீழே கீழே இறங்கிப்போகிறது. மெல்லிய தகடுகளாக நிற்க வேண்டியவை ஒன்றோடொன்று கூடிப் பெரிய முரட்டுத் தகடுகளாகிவிடுகின்றன. அந்தத் தகட்டுக்குள் வெடிப்பு நேர் ரோட்டில் ஓடுவது போல ஓடும்.

2000 ஆம் ஆண்டை ஒட்டி நடந்த வேலை இது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றி ஊரெல்லாம் கதைக்கிறது. ஆனால் ஒரு வலை முதலில் கையைக் காட்டி, மனிதர் அந்தப் பக்கம் போய்த் தோண்டி, புதிதாக ஒரு உலோகவியல் காரணத்தைக் கண்டெடுத்த சம்பவம் எனக்குத் தெரிந்து இதுதான் அழகானது. எவன்ஸின் 1.5 வீதமும் சரி, இந்த 0.5 வீதமும் சரி. எந்த இடத்தில் எது சரி என்பதைத்தான் ஆறால் வகுக்கிற சூத்திரத்தால் சொல்ல முடியவில்லை.

வலை அதை எப்படிச் செய்கிறது? உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு உள்ளீட்டையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டு வருகிறோம். தரவில் உள்ள மிகக் குறைந்த பெறுமானம் மறை 0.5, மிகக் கூடியது நேர் 0.5. இல்லாவிட்டால் காபன் 0.08 ஆகவும் ஒட்டு இடைவெப்பநிலை 200 பாகையாகவும் வந்து, பெரிய எண் சின்ன எண்ணை அமுக்கிவிடும். அப்புறம் ஒவ்வொன்றையும் நிறை என்று சொல்கிற ஒரு எண்ணால் பெருக்கி, ஒரு மாறிலியையும் சேர்த்துக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகையை எஸ் எழுத்தைப் படுக்க வைத்தது போன்ற ஒரு வளைகோட்டுக்குள் விடுகிறோம். அது ஒரு மறைந்த அலகு. இப்படி நாலைந்து அலகுகளின் விடைகளை மறுபடி நிறையும் மாறிலியும் போட்டுக் கூட்டினால் பலம் எத்தனை என்று வரும். வளைகோடு இருப்பதால்தான் மங்கனீசின் வேலை நிக்கலின் அளவைப் பொறுத்து மாற முடிகிறது. கோடு நேராக இருந்தால் மறுபடி ஆறால் வகுத்த கதைதான்.

17 உள்ளீடும் 4 மறைந்த அலகும் என்றால் மொத்தம் 77 எண்கள். அவ்வளவுதான் வலை. நான் முதலில் செய்தது 20 அலகு. 381 எண்கள். பெரிது நல்லது என்று நினைத்தேன்.

உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களை மட்டும் விடையோடு பாடமாக்குகிற பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். பத்து வருட வினாவுக்கும் நூற்றுக்கு நூறு எடுப்பார்கள். புதுக் கேள்வி வந்தால் பழைய விடை ஒன்றை எழுதிவிட்டு வருவார்கள். என் 381 எண்களும் அதைத்தான் செய்தன. தரவில் பாதியை ஒளித்து வைத்துச் சோதித்தபோது அது தெரிந்தது. பழக்கிய பாதியில் பிழை இல்லாத மாதிரி, ஒளித்த பாதியில் எங்கெங்கோ. அலகுகளைக் குறைத்தபோது ஒளித்த பாதியில் பிழை இறங்கியது. அதற்கு மேலும் குறைத்தபோது திரும்ப ஏறியது.

தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ்காரர்கள் ஒட்டுத் தரவை யாரும் எடுக்கலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். 1600 க்கும் மேற்பட்ட வரிகள். திறந்து பார்த்த முதல் நாள் எனக்குச் சந்தோசம், இரண்டாம் நாள் தலையிடி. பாதிக் கட்டங்கள் வெறுமை. ஒருவர் இழுத்துப் பார்த்திருக்கிறார், அடித்துப் பார்க்கவில்லை. இன்னொருவர் அடித்துப் பார்த்திருக்கிறார், ஒட்சிசனை அளக்கவில்லை. வெறுமையான கட்டத்தில் பூச்சியம் போடுவதா, சராசரி போடுவதா, அந்த வரியையே விடுவதா என்று முடிவெடுக்கவே இரண்டு வாரம் போனது. கந்தகத்தை அளக்காமல் விட்டதும் கந்தகமே இல்லாததும் ஒன்றல்ல. அந்த முடிவு பிழைத்தால் வலை எவ்வளவு நல்லதானாலும் விடை பிழை.

ஆனால் என்னைக் கவிழ்த்தது இது ஒன்றுமில்லை. அந்தத் தரவு முழுக்க ஒட்டு உலோகம். அதில் காபன் பெரும்பாலும் 0.1 வீதத்தை அண்டித்தான் இருக்கும், அல்லது அதற்கும் கீழே. நான் தட்டிப் போட்டதோ 0.6. வலை தன் வாழ்நாளில் காணாத எண். "காணவில்லை" என்று சொல்லும் வாய் அதற்கு இல்லை. நான் அதற்கு அந்த வாயை வைக்கவில்லை. அதனால் அது 618 என்று ஒரு எண்ணைத் தந்தது. மூன்று இலக்கம், தயக்கம் ஒன்றும் இல்லை. நானும் அதை நம்பினேன்.

அந்த வாயை வைக்கிற வழி 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. டேவிட் மக்கே என்ற இளைஞர் கலிபோர்னியாவில் ஜோன் ஹொப்பீல்டிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது செய்த வேலை. 2024 இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்ற அதே ஹொப்பீல்ட். மக்கே பிறகு கேம்பிரிட்ஜுக்கு வந்தார், பதேஷியாவின் உலோகக் கணிப்புகளுக்கு அடியில் ஓடுவது அவருடைய முறைதான். 2016 இல், 48 வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார். அவருடைய விரிவுரைகளின் காணொளிகள் இணையத்தில் இருக்கின்றன. நான் பல இரவுகள் அவற்றைப் பார்த்திருக்கிறேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான். 77 எண்களுக்கு ஒரே ஒரு சரியான விடை இருக்கிறது என்று ஏன் நினைக்கிறாய்? இருக்கிற தரவோடு ஒத்துப்போகிற எண் தொகுதிகள் எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ப வைத்துக்கொள். தரவு அடர்த்தியாக உள்ள இடத்தில் அவையெல்லாம் கிட்டத்தட்ட ஒரே விடை சொல்லும். தரவு இல்லாத இடத்தில் ஒன்று வடக்கே போகும், ஒன்று தெற்கே போகும். அந்த விலகல்தான் உன் அறியாமையின் அளவு. அதை விடையோடு சேர்த்துச் சொல். இது சோதனையில் வருகிற இயல்பான ஏற்ற இறக்கத்திலிருந்து வேறானது. ஏற்ற இறக்கம் எங்கேயும் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும், அறியாமை இடத்துக்கு இடம் மாறும். கூடவே, ஒரே வலையை நம்பாமல் நல்லதாகத் தெரிகிற சில வலைகளை ஒரு குழுவாக வைத்துச் சராசரி எடுப்பார்கள்.

நான் மாதக் கணக்கில் முழுவதையும் திரும்ப எழுதினேன். 4 அலகு, 5 அலகு என்று பல வலைகள், ஒரு குழு, விடைக்கு மேலும் கீழும் ஒரு பட்டை. முதலில் தெரிந்த இடத்தில் சோதித்தேன். அப்பா 6013 றொட்டால் ஒட்டிய மூன்று துண்டுகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய், தெரிந்த ஒருவரின் ஆய்வுகூடத்தில் இழுவை இயந்திரத்தில் பூட்டினோம். 24 வோல்ட், 110 அம்பியர், நிமிடத்துக்கு 150 மில்லிமீற்றர் என்று ஒட்டியது, அதாவது மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோயூல் வெப்பம். மூலகங்களுக்கு றொட் பெட்டியோடு வரும் தாளில் இருந்த எண்களைப் போட்டேன். வலைக்குழு 495 சொன்னது, கூட்டல் கழித்தல் 35. இயந்திரம் 498, 507, 489 சொன்னது. அந்த மூன்று எண்களையும் அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தான் செய்த ஒட்டுக்கு ஒரு எண் இருப்பதை அவர் அன்றுதான் முதல்முறை கேட்டார்.

அப்புறம் ஸ்பிரிங் பட்டை. இந்த முறை கவனமாகப் போட்டேன். ஒட்டும்போது றொட்டும் ஒட்டப்படுகிற அடி இரும்பும் கலக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு போல அடி இரும்பு கலந்தது என்றால் காபன் 0.6 அல்ல, 0.25 ஐ அண்டி வரும். அப்படியும் அது தரவுக்கு வெளியேதான். விடை 640. கூட்டல் கழித்தல் 390. அதாவது 250 ஆகவும் இருக்கலாம், 1030 ஆகவும் இருக்கலாம். திரையில் அந்தப் பட்டை மேலிருந்து கீழ்வரை நின்றது.

லீவில் வந்தபோது அப்பாவிடம் காட்டினேன். நீலப் பட்டை மெலிந்து மெலிந்து போய், காபன் கூடுகிற பக்கம் எக்காளம் போல விரிகிற படம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியா எண்டுதானே இது சொல்லுது?"

"ஓம் அப்பா."

"அப்ப இது நல்ல பிள்ளை."

இன்னொன்றையும் அவரே கேட்டார். "வெடிச்சது ஒட்டில்ல, ஒட்டுக்குப் பக்கத்து இரும்புதானே?" உண்மை. ஒட்டின் சூடு பட்டு, மற்ற இரும்பின் குளிரால் சட்டென்று ஆறிய ஓரம்தான் கண்ணாடி போல இறுகி வெடித்தது. என் வலை ஒட்டு உலோகத்தை மட்டும் படித்தது, அந்த ஓரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஐதரசனைப் பற்றியும் தெரியாது. றொட் பூச்சில் ஏறிய ஈரம் மின்வில்லின் சூட்டில் பிரிந்து ஐதரசனாகி இரும்புக்குள் புகுந்து, மணிக்கணக்கில் மெல்ல ஊர்ந்து, இறுகிய இடத்தில் சேர்ந்து அதைப் பிளக்கிறது. இரவில் வெடித்ததற்குக் காரணம் அதுதான். நீலப் பட்டை எவ்வளவு விரிந்தாலும், கேட்காத கேள்விக்கு அது விடை அல்ல.

அப்பாவிடம் ஒரு பழுதான ஃப்ரிட்ஜ் இருக்கிறது. உள்ளே ஒரு நாற்பது வோட் குண்டு பல்ப் இரவும் பகலும் எரியும். ஐதரசன் குறைந்த 7018 றொட்டுகள் அதற்குள்தான். ஈரம் ஏறியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் சும்மா அந்தச் சூடு போதாது, 300 பாகைக்கு மேல் சுட வேண்டும் என்று நான் சொல்லி, ஒரு சிறிய அடுப்பு வாங்கினோம். 6013 ஐ அப்படிச் சுடக் கூடாது, அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். மார்கழி மாதம் எங்கள் ஊரில் தீப்பெட்டியே நமுத்துப்போகும், றொட் எம்மாத்திரம்.

அந்தக் கொழுவை அப்பா திரும்ப ஒட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒட்டும் இடத்துக்குக் கிட்ட ஒரு விரல் அகலத்துக்கு மினுங்கத் தீட்டினார். சிரட்டைக் கரி நெருப்பில் வைத்து, தீட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியாக இருந்தது மெல்ல மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தது. "இப்ப" என்றார். அந்த நிறம் ஏறத்தாழ 230 பாகை. பொறுத்திருந்தால் ஊதாவாகி, 300 பாகையில் நீலமாகும். 7018 றொட்டால் சின்னச் சின்ன வரியாக ஒட்டினார். முடிந்ததும் தண்ணீர் தொட விடவில்லை. அரிசி மில்லிலிருந்து கொண்டு வந்த உமிச்சாம்பல் ஒரு பீப்பாய் நிறைய இருக்கிறது, அதற்குள் புதைத்துவிட்டார். மறுநாள் காலை எடுக்கும்போதும் கை பொறுக்கிற சூடு இருந்தது. அந்தக் கொழு இரண்டு பெரும்போகம் கண்டுவிட்டது.

இப்போது பட்டறையில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு பெரிய ஒட்டுக்கும் ஒரு வரி. இரும்பு என்ன, பொறி எப்படி, றொட் எது, பல்ப் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து எத்தனை மணி, அம்பியர், சூடு காட்டிய நிறம், அன்று மழையா வெயிலா, கடைசியில் தாங்கியதா, இல்லாவிட்டால் வெடித்தது ஒட்டிலா ஓரத்திலா. தம்பிதான் எழுதுகிறான், அப்பா சொல்லச் சொல்ல. இத்தனை குறைந்த வரியை வைத்து ஒரு வலையைப் பழக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேம்பிரிட்ஜ் தரவில் இல்லாத இரண்டு விசயங்கள் இதில் இருக்கின்றன, ஈரமும் அந்த ஓரமும். இன்னும் நாலு பட்டறை எழுதினால், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் யாராவது எழுதினால், பத்து வருடத்தில் எங்கள் பக்கத்து இரும்புக்கு என்று ஒரு தரவு இருக்கும். எழுத விருப்பமானவர்கள் எனக்குச் சொல்லுங்கள், வெறும் கொப்பி போதும்.

போன சனிக்கிழமை 43 ஆவது வரி. வாவியில் ஓடும் தோணி ஒன்றின் என்ஜின் பிடி. துருப்பிடிக்காத இரும்பு என்று சொல்லி விற்றார்களாம். காந்தம் நன்றாக ஒட்டியது, ஓரங்களில் துருவும் இருந்தது. அப்பா பொறியைப் பார்த்தார். அங்கிள் அயன் போலவும் இல்லை, ஸ்பிரிங் போலவும் இல்லை. இரும்பு என்ன என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தம்பி கேட்டான்.

"தெரியா எண்டு எழுது" என்றார் அப்பா. "எழுதிப்போட்டு ஒரு துண்டு வெட்டி அக்காட்டக் குடு."

அந்தத் துண்டு இப்போது என் கைப்பையில், பழைய தினசரி ஒன்றில் சுற்றிக் கிடக்கிறது. திங்கட்கிழமை ஆய்வுகூடம் திறந்ததும் கொடுக்க வேண்டும்.